இருநூற்றுப் பன்னிரண்டு அடி

விதி சுருக்கமானது:
குடியிருப்பிலிருந்து முந்நூறு அடிக்குள்
மின்கோபுரம் நடக்கூடாது.

குடியிருப்பு எது என்பதற்குத்
தனியாக நான்கு வரி உண்டு.
உறங்கவும் சமைக்கவும் இடமிருந்து,
விண்ணப்பம் முடிவாகும் நாளுக்கு முன்
தொடர்ந்து தொண்ணூறு நாள்
ஆள் தங்கிய கட்டடம்.
அந்த நான்கு வரியைத் தட்டச்சு செய்தவள் நான்தான்,
ஒன்பது வருடத்துக்கு முன்பு,
ஏதோ ஒரு கோழிப்பண்ணைத் தகராறுக்காக.

நெப்ராஸ்காவின் இந்தப் பக்கம்
மரங்களை எண்ணிவிடலாம்.
வரைபடத்தில் சிவப்புக் கோடு
மேற்கிலிருந்து வளையாமல் வருகிறது.
அதன் நாற்பத்தோராவது கோபுரம்
வென்சில் க்ருபிச்காவின் வாடகை வீட்டுக்கு
இருநூற்றுப் பன்னிரண்டு அடியில்.
ஆறு வருடம் பூட்டிக் கிடந்த வீடு.
கோடு அச்சாகி வந்த வாரம்
ஒரு கட்டிலோடும் நாயோடும்
அவர் அங்கே குடிபோனார்.

சரிபார்க்க என்னை அனுப்பினார்கள்.
மார்ச். சோளத்தாள் வயல்களில்
நாரைகள் இறங்கி
வானத்தைக் காலி செய்திருந்தன.

ஒரு தட்டு. ஒரு கரண்டி.
டம்ளரில் ஒற்றை பிரஷ்.
மின் இணைப்பை எப்போதோ துண்டித்துவிட்டார்கள்;
பக்கத்தில் போகவிருப்பதோ
மூன்று லட்சத்து நாற்பத்தைந்தாயிரம் வோல்ட்.
கேஸ் அடுப்பில் காப்பி வைத்தார்.
இது குடியிருப்புதானா?
படிவம் கேட்கச் சொன்னதைக் கேட்டேன்.
"குடியை விட்டு எட்டு வருடம்," என்றார்.
"இருப்பு மட்டும்தான்."

தெற்கே ஓர்லா டீட்ரிக்கின் வயல்.
கால் மைல் நீளக் கையை வீசி
வட்டமடித்து நீர் தெளிக்கும் எந்திரம்.
கோடு இவருக்காக விலகினால்
கோபுரம் அந்த வட்டத்துக்குள் நிற்கும்.
கை அதில் முட்டித் திரும்பும்;
மீதி வயல் காயும்.
கம்பி எங்கே விலகுகிறது,
தலை மாறுகிறது, அவ்வளவுதான்.
ஓர்லா என்னிடம் எதுவும் கேட்கவில்லை.
வேலிக்கு அப்பால் வண்டியை நிறுத்தி
நான் எவ்வளவு நேரம் உள்ளே இருந்தேன் என்று
பார்த்துக்கொண்டிருந்தாள்.

போர்வையைத் தொட்டேன்.
சூடாக இருந்தது.
சூட்டுக்குப் படிவத்தில் கட்டமில்லை.
சுவர் நாட்காட்டியில் பென்சில் கீறல்கள்.
இருவரும் சேர்ந்து எண்ணினோம்:
அறுபத்தொன்று.
வியாழனன்று விசாரணை.
அன்றைக்கு அறுபத்து நான்கு ஆகும்.
கூட்டி எழுதச் சொல்லவில்லை அவர்.
சொல்லியிருந்தால்
மறுப்பது எளிதாயிருந்திருக்கும்.

விசாரணையில் ஆளுக்கு மூன்று நிமிடம்.
முட்டை அவிக்க வைத்திருக்கும் கடிகாரத்தைத்
தலைவர் முறுக்கி மேசையில் வைப்பார்.
நிறுவனத்தின் வழக்கறிஞர்
ஒமாஹாவின் மருத்துவமனைகளைச் சொன்னார்,
போன கோடையில் இருண்டுபோன இரவுகளைச் சொன்னார்.
பொய்யில்லை. என் தங்கை அங்கேதான் இருக்கிறாள்.
ஓர்லா மண் பரிசோதனைத் தாளை வாசித்தாள்.
வென்சில் இரண்டரை நிமிடம் சும்மா நின்றார்.
பிறகு,
"நேற்றும் அங்கேதான் தூங்கினேன்," என்றார்.
மணி அடித்தது.

மூன்றுக்கு இரண்டு. அனுமதி.
நிபந்தனை பதினொன்று:
நாரைகள் மோதாமலிருக்கக்
கம்பிகளில் மஞ்சள் சுருள்கள் மாட்ட வேண்டும்.
நாரைகள் இங்கே தங்குவது
ஐந்தே வாரம்.
குறிப்பேட்டில் அதையும் நான்தான் எழுதினேன்.

ஏப்ரல் நடுவில்
அடித்தளம் துளைக்கும் எந்திரம் வந்து இறங்கிய வாரம்
தொலைபேசி.
"இன்றோடு தொண்ணூறு.
இப்போது இது வீடுதானே?"
ஆமாம் என்றேன்.
"எழுதிக் கொடு."

எழுதினேன். முத்திரை வைத்தேன்.
இனி எவர் வந்தாலும் சட்டப்படி
முந்நூறு அடி தள்ளித்தான் நிற்க வேண்டும்.
நானே கொண்டுபோனேன்.
எந்திர இரைச்சலில்
கதவைத் தட்டியது எனக்கே கேட்கவில்லை.
கதவின் அடியில் தாளைச் செருகினேன்.
பாதி நுழைந்து நின்றது.
மறுபக்கத்திலிருந்து நாய்
மீதியை இழுத்துக்கொண்டது.